"டீச்சர், எங்க முயல் சாப்பிடவே இல்லை"

பத்தாம் வகுப்பில் முயல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரம் அது. கரும்பலகையில் 2033/1023 என்று பல் சூத்திரத்தை எழுதிவிட்டு, "மேல்தாடையில் எத்தனை? கீழ்த்தாடையில் எத்தனை? மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன். "இருபத்தெட்டு!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒரு மதிப்பெண் வினா வந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள் என்ற நிம்மதி எனக்கு.

அன்று மதிய இடைவேளையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க முயல் நேத்து சாயங்காலத்துல இருந்து சாப்பிடவே இல்லை. மூலையிலேயே உக்காந்திருக்கு."

விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் இருந்தேன். "ஏதாவது ஒத்துக்காம போயிருக்கும்மா. ஒரு நாள் பட்டினி கிடந்தா தானா சரியாயிடும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய தலையாட்டல் அது.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவள், "பஞ்சு செத்துப்போச்சு டீச்சர்" என்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்: "முந்தாநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருக்குமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பல் எண்ணிக்கை தெரியும். அறிவியல் பெயர் தெரியும். செரிமான மண்டலத்தின் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். ஒரு முயல் சாப்பிடாமல் இருந்தால் என்ன பொருள் என்று தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்று மருத்துவரிடமே கேட்டேன். அவர் சொன்னதையும், அதன்பின் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நம் மாணவர் வீடுகளில் முயல் வளர்ப்பு பெருகியிருக்கிறது. சில பள்ளிகளிலேயே கூண்டு வைத்து வளர்க்கிறார்கள். அந்தக் கேள்வி உங்கள் அறை வாசலுக்கும் ஒரு நாள் வரலாம்.

பட்டினி மருந்தாகாத உயிர்

"லங்கணம் பரம ஔஷதம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வயிறு சரியில்லை என்றால் ஒரு வேளை பட்டினி போடுவது நம் வீட்டு வைத்தியம். நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நானும் அந்தப் பழக்கத்தில்தான் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். முயலுக்கு அது பொருந்தாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் எதையும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், அது அவசர நிலை. மருத்துவர் முதலில் சொன்னது இதைத்தான்: "ஆடு ஒரு வேளை தீவனம் எடுக்கலைன்னா ஓடி வர்றாங்க. முயலை மூணாவது நாள்தான் கொண்டு வர்றாங்க."

ஏன் இந்த அவசரம்? விடை நாம் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. மாடும் புல் தின்கிறது. முயலும் புல் தின்கிறது. புல்லில் உள்ள செல்லுலோஸை இரண்டும் தாமாகச் செரிக்க முடியாது. பாக்டீரியாக்களின் உதவி வேண்டும். மாட்டுக்கு அந்த வேலை உணவுப்பாதையின் முன்பகுதியில், இரைப்பையின் முதல் அறையில் நடக்கிறது. முயலுக்குப் பின்பகுதியில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள சீக்கம் என்ற பெரிய பையில் நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சத்தை உறிஞ்சும் சிறுகுடலை உணவு தாண்டிய பிறகுதான் சீக்கத்தில் பாக்டீரியாக்கள் புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன. அவை வீணாகாமல் இருக்க முயல் ஒரு வழி வைத்திருக்கிறது. சீக்கத்தில் உருவானவற்றை மென்மையான, பளபளப்பான, திராட்சைக் கொத்து போன்ற புழுக்கையாக வெளியேற்றி, ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் இது நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. கூண்டில் நாம் பார்க்கும் உருண்டையான, காய்ந்த புழுக்கை வேறு. அது செரிக்காத நாரின் கழிவு.

அந்தச் செரிக்காத நாருக்கும் முக்கியமான வேலை இருக்கிறது. குடலைத் தள்ளித் தள்ளி இயங்க வைப்பது அதுதான். நார் உள்ளே வந்துகொண்டே இருக்கும்வரை குடல் ஓடும். வரவு நின்றால் குடல் மந்தமாகும். உள்ளே இருப்பதிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகும். சீக்கத்தில் நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து வாயு பெருகும். வாயு பெருகினால் வலி. வலித்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் மேலும் மந்தமாகும். இப்படிச் செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டு நிலைமை மோசமாகிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. நீண்ட நேரம் உணவில்லாதபோது உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பு கல்லீரலில் படிந்து அதையும் பாதிக்கும். பருத்த முயல்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பஞ்சுவும் மூலையில் உட்கார்ந்திருந்த இரண்டு நாட்களில் இந்த வட்டத்தில்தான் சுற்றியிருக்க வேண்டும்.

பல் சூத்திரத்துக்குள் இருந்த செய்தி

நான் கரும்பலகையில் எழுதிய அந்த இருபத்தெட்டுப் பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வெட்டுப்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. வளர்கின்றன. புல்லை மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைக்கும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சீராகத் தேய்கின்றன. சோறு, பிஸ்கட், மெத்தென்ற காய்த்துண்டு ஆகியவற்றை அரைக்க அவ்வளவு வேலை இல்லை. தேயாத பற்கள் ஓரங்களில் கூர்முனை விட்டு நாக்கையும் கன்னத்தின் உட்பகுதியையும் கிழிக்கும். பசித்தாலும் முயலால் மெல்ல முடியாது.

இங்கே கவனிக்க ஒரு வேறுபாடு உண்டு. பல் தொல்லை உள்ள முயல் பெரும்பாலும் தீவனத்தருகே வரும், முகரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். மோவாய் எச்சிலால் நனைந்திருக்கும். குடல் மந்தமான முயல் தீவனத்தின் பக்கமே திரும்பாது. இது நோயை உறுதிசெய்யும் சோதனையன்று. ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய பயனுள்ள தகவல்.

நார் குறைந்த உணவு, பல், நீர்க்குறைவு, வெப்பம், அடைத்தே வைத்திருப்பது, உடலில் வேறெங்காவது வலி, பயம் என்று எதனாலும் முயல் உணவை நிறுத்தலாம். பயம் என்று சொல்வதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். தெருநாய் கூண்டைச் சுற்றி வந்தது, வீட்டு விசேஷத்தில் ஒலிபெருக்கி அலறியது, தீபாவளி வெடி, கூட இருந்த முயல் இறந்தது ஆகிய எதுவும் போதும்.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் வளர்க்கும் முயல்கள் அனைத்தும் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்தவை. நம் ஊர்க் காடுகளில் ஓடும் முயல் வேறு இனம். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வளர்க்கக் கூடாதது. வளர்ப்பு முயலுக்கு வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்கும் வசதி கிடையாது. காதுகளின் வழியே ஓரளவு வெப்பத்தை வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம்தான். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல்களைக் கொடைக்கானல் மலையிலுள்ள குளிர்ந்த மன்னவனூரில் வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் கூண்டை வைத்தால் முயல் என்ன பாடுபடும் என்பது விளங்கும்.

எதைப் பார்க்க வேண்டும்?

முயல் வேட்டையாடப்படும் விலங்கு. நோய்வாய்ப்பட்டதைக் காட்டிக்கொண்டால் பகைக்கு இரையாகிவிடும் என்பதால் வலியை மறைத்தே வாழப் பழகியது. அது கத்தாது, அழாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

• புழுக்கை குறைந்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா, அறவே இல்லையா?
• முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் அசையாமல் இருக்கிறதா? வயிற்றைத் தரையில் அழுத்துகிறதா?
• பற்களை உரக்க நறநறவென்று கடிக்கிறதா? அது வலியின் அடையாளம். தடவிக்கொடுக்கும்போது எழும் மெல்லிய கடிப்பு வேறு. அது சுகத்தில் வருவது.
• காதுகள் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கின்றனவா, கொதிக்கின்றனவா?
• வயிறு மத்தளம் போல இறுகி உப்பியிருக்கிறதா?

உடனே செய்ய வேண்டியவை

1. கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "ரெண்டு நாளா டல்லா இருக்கு" என்று சொல்வதைவிட "நேற்று மாலை 6 மணிக்குப் பிறகு ஒன்றும் இல்லை" என்பது மருத்துவருக்கு உதவும்.

2. மிகவும் விரும்பித் தின்னும் ஒன்றை நீட்டிப் பாருங்கள். கொத்தமல்லித் தழையோ அருகம்புல்லோ போதும். அதையும் மறுத்தால் காத்திருக்க வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

3. வயிறு உப்பி இறுகியிருந்தாலோ, முயல் துவண்டு கிடந்தாலோ எதையும் ஊட்டாமல் நேராகக் கொண்டு செல்லுங்கள். குடலில் அடைப்பு இருந்தால் ஊட்டும் உணவே உயிருக்கு ஆபத்தாகும்.

4. காதுகள் குளிர்ந்திருந்தால் துணியில் சுற்றி, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வெயிலில் துவண்டிருந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் காதுகளை ஒற்றுங்கள். குளிர்ந்த நீரில் முக்க வேண்டாம்.

5. காற்று வரும் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ, கீழே துணி விரித்து எடுத்துச் செல்லுங்கள். இணையாக வளர்ந்த முயல் இருந்தால் அதையும் உடன் கொண்டு போனால் பயம் குறையும். கடைசியாகக் கிடைத்த புழுக்கைகளைத் தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.

மருத்துவர் வயிற்றையும் பற்களையும் பார்ப்பார். தேவையென்றால் எக்ஸ்ரே எடுப்பார். நீர்ச்சத்து ஏற்றுவது, வலிக்கு மருந்து, அடைப்பு இல்லை என்று தெரிந்தபின் குடல் இயக்கத்துக்கு மருந்து, ஊசியில்லாத சிரிஞ்சு மூலம் நார் மிகுந்த கூழ் ஊட்டுவது ஆகியவை வழக்கமான சிகிச்சை. வீட்டில் ஊட்டச் சொன்னால், வாயின் பக்கவாட்டில் உள்ள பல் இடைவெளி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்க நேரம் கொடுத்து ஊட்ட வேண்டும். பாடத்தில் டையாஸ்டீமா என்று குறிக்கச் சொல்கிறோமே, அந்த இடம்தான்.

உள்ளூர் மருந்தகத்தில் முயல் மருத்துவ வசதி குறைவாக இருந்தால் எங்கே போவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

செய்யக் கூடாதவை

நமக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. வீட்டில் மீந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இன்னும் ஆபத்து. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் சீக்கத்தின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகும், முயல் இறந்துபோகலாம். குழந்தைக்கு நல்லது செய்யும் மருந்து முயலுக்கு நஞ்சாவது இப்படித்தான். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தையும் முயலின் மேல் அடிக்கக் கூடாது.

வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றை அழுத்திப் பிசையக் கூடாது. எண்ணெய், சோடா என்று அக்கம்பக்கத்தார் சொல்வதையெல்லாம் முயன்று நேரத்தைக் கழிக்கக் கூடாது. முயலுக்கு இல்லாத ஒன்று நேரம்தான்.

வராமல் காக்க

பஞ்சு என்ன தின்றது என்று பிறகு அந்த மாணவியிடம் கேட்டேன். சோறு, கேரட், முட்டைகோஸ், பிஸ்கட் என்றாள். "கேரட்தானே டீச்சர் முயலுக்குப் பிடிக்கும்? படத்துல எல்லாம் அப்படித்தானே இருக்கு!" அவள் சொன்னதில் தவறில்லை. முயல் என்றால் கையில் ஒரு கேரட்டோடு படம் வரைந்து ஒட்டுவது நாம்தான். கேரட் சர்க்கரை மிகுந்த கிழங்கு. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும்.

முயலின் உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். பச்சையாகவோ காயவைத்தோ, இரவும் பகலும் தீராமல் கிடைக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் ஆகியவை நம் ஊரில் கிடைப்பவை. வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை போன்ற தழைகளைப் புல்லோடு சேர்த்து அளவாகக் கொடுக்கலாம். வைக்கோல் விரிப்புக்கு ஆகும். அதையே முழுத் தீவனமாக்கினால் சத்துப் போதாது. பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பிலிருந்து புல் அறுக்கக் கூடாது. குவித்து வைத்துச் சூடேறிய புல்லையும் போடக் கூடாது. தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும். தண்ணீர் எப்போதும் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மி.லி. குடிக்கும். கவிழாத மண்சட்டி நல்லது. தினமும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே ஓடவிட வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் தெரியும். மளிகைக் கடைத் தராசே போதும்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் முயல் படத்துக்குக் கேரட்டுக்குப் பதில் ஒரு கட்டுப் புல் வரையச் சொல்லலாம். அந்த ஒரு மாற்றத்திலிருந்தே "ஏன்?" என்ற கேள்வி பிறக்கும். நடுநிலை வகுப்புகளில் மாடு, ஆடு, முயல் மூன்றின் சாணத்தையும் புழுக்கையையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம். தொட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். பத்தாம் வகுப்பில் பல் சூத்திரத்தை எழுதியதும், "இந்தப் பற்கள் தேயாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பள்ளியில் முயல் வளர்ப்பவர்கள் இரண்டை முன்பே முடிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு, தேர்வு விடுமுறை நாட்களில் யார் பார்த்துக்கொள்வது? உடல்நலம் கெட்டால் யார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது? இந்த இரண்டுக்கும் பெயர் சொல்லி விடை இல்லையென்றால் வளர்க்காமல் இருப்பதே முயலுக்கு நல்லது. கூண்டைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வகச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டில் முயல் வளர்க்கும் பிள்ளைகளுக்கானது. தேதி, காலைத் தீவனம், மாலைத் தீவனம், தண்ணீர், புழுக்கை என்று ஐந்து கட்டங்கள். புழுக்கைக் கட்டத்தைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு அதைத்தான் கவனமாக நிரப்பினார்கள்.

சென்ற ஆண்டு ஒரு காலையில், வழிபாட்டுக் கூட்டம் தொடங்கும் முன், அதே மாணவி ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கையைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தாள். அவள் அப்போது எட்டாம் வகுப்பு.

"டீச்சர், இவங்க முயல் நேத்து ராத்திரி ஒம்பது மணிக்குத் தின்னதுதான். புழுக்கையும் இல்லை. கொத்தமல்லியும் வேணாங்குது. வயிறு உப்பலை. காது ஜில்லுனு இருக்குதாம்."

எல்லாவற்றையும் அவளே கேட்டு வைத்திருந்தாள். நான் செய்ய இருந்தது ஒன்றுதான். தலைமையாசிரியரின் அனுமதியோடு பையனின் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் முயலைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து பத்து மணிக்குள் மருத்துவமனை சேர்ந்துவிட்டார். மூன்று நாள் சிகிச்சை. நான்காம் நாள் அந்தப் பையன் ஓடிவந்து, "புழுக்கை போட்டுருச்சு டீச்சர்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினான். மற்ற வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ பஞ்சுவும் பொழைச்சிருக்கும், இல்ல டீச்சர்?" என்றாள்.

"பொழைச்சிருக்கலாம்மா" என்றேன். "அன்னிக்கு நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."